தன் கடன், என் கடன்: குரூப் 4 எழுதும் செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்திய 2024 குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அறிவிக்கை வந்தபோது காட்டிய இடங்கள் 6,244. இந்த இரண்டு எண்களையும் பார்த்தால் யாருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் அப்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பிள்ளையார்பட்டிக்குப் போய் ‘எல்லாம் உன் பொறுப்பு’ என்று ஒப்படைத்துவிட்டு வந்து கைபேசியை எடுத்துக்கொள்வது ஒன்று. சாமி கும்பிடுவதெல்லாம் வேலை கிடைத்த பிறகு என்று, ராத்திரி இரண்டு மணி வரை புத்தகத்தோடு மல்லுக்கட்டி மூன்றாம் மாதம் படுத்துவிடுவது இன்னொன்று.

அப்பர் கடம்பூரில் பாடியதில் இதற்குக் கணக்கு தீர்ந்திருக்கிறது: ‘தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணிசெய்து கிடப்பதே.’ (பாடியவர் திருநாவுக்கரசர், ஐந்தாம் திருமுறை. இதுவே தேர்வில் வரத்தக்க கேள்விதான், குறித்துக்கொள்ளுங்கள்.) பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று பேரேடு எழுதிப் பழகிய ஊர் நம்முடையது. அதே மாதிரி ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, தேர்வை நினைத்தால் மனத்தை அரிக்கும் ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு பக்கம் எழுதுங்கள். கட்-ஆஃப் எங்கே நிற்கும், வினாத்தாள் கடினமாக இருக்குமா, முடிவு எந்த மாதம் வரும், இடங்கள் கூடுமா: இவை சாமி பக்கம். இன்று எந்தப் பாடம், நேற்றுப் படித்ததில் எது நிற்கவில்லை, கணக்கில் எந்த வகை தடுக்கிறது: இவை உங்கள் பக்கம். சாமி பக்கத்தில் எழுதியதைப் பற்றி மறுபடி யூடியூபில் தேடாமல் இருப்பதுதான் ஒப்படைப்பு. எழுதியும் தேடிக்கொண்டிருந்தால் ஒப்படைக்கவில்லை என்று அர்த்தம்.

இனி உங்கள் பக்கம். 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், பத்தாம் வகுப்புத் தரம். தமிழ்ப் பகுதியில் 100 கேள்விகள். பொது அறிவில் 75. திறனறிவும் மனக்கணக்கும் 25. கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். தமிழில் 40 விழுக்காடு, அதாவது 150-க்கு 60 எடுத்தால்தான் மற்ற பகுதியைத் திருத்தவே எடுப்பார்கள். மொத்தத்தில் குறைந்தபட்சம் 90 வேண்டும். ஆனால் 90 தகுதிக்கு மட்டும்தான். வேலை கிடைக்கும் எண் அதற்கு வெகு மேலே நிற்கிறது. பொது அறிவில் ஆர்வம் உள்ளவர்கள் தமிழை ‘தெரிந்ததுதானே’ என்று கடைசிக்குத் தள்ளுவது பெரிய தவறு. தாளில் பாதி அதுதான்; படித்த படிப்புக்கு உடனே மதிப்பெண் தருவதும் அதுதான்.

எடுத்தவுடன் பாடத்திட்டத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். பழைய வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் வைத்து முழுதாக எழுதுங்கள். இராமாயணத்தில் கடல் தாண்ட வேண்டிய நேரம் வந்ததும் வானரர்கள் தங்களால் எவ்வளவு தூரம் தாவ முடியும் என்று ஒளிக்காமல் சொல்கிறார்கள். போய்விடலாம், திரும்பி வருவதுதான் சந்தேகம் என்கிறான் அங்கதன். அதற்குப் பிறகுதான் சாம்பவான் அனுமன் பக்கம் திரும்புகிறான். தன் வலிமையை மறந்து ஒதுங்கி உட்கார்ந்திருந்தவனுக்கு அதை நினைவூட்டுகிறான். கடலைத் தாண்டியது அனுமன்தான். கம்பன் விழா நடக்கும் ஊரில் இந்தக் கட்டத்தை விளக்கத் தேவையில்லை. நம் பலம் எவ்வளவு என்று அளந்து பார்ப்பதை அவநம்பிக்கை என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

முதல் தாளில் 85 கேள்விதான் சரி என்றாலும் பரவாயில்லை. தவறானவற்றை மூன்றாகப் பிரியுங்கள்: அறவே தெரியாதவை, படித்தும் மறந்தவை, தெரிந்தும் கேள்வியைச் சரியாக வாசிக்காததால் போனவை. மூன்றாவது வகை பலருக்கும் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருக்கும். ‘தவறான இணையைத் தேர்க’ என்பதில் ‘தவறான’ என்ற சொல்லை விட்டுவிட்டு முதல் சரியான இணையைக் குறித்துவிட்டு வருவது இதில்தான் சேரும். சீக்கிரம் சரியாகக்கூடியதும் இதுவே. கேள்வியின் கடைசிச் சொல்லில் விரலை வைத்துவிட்டு விடைகளுக்குப் போகிற பழக்கம் போதும்.

கடைக்கோ வேலைக்கோ போகிறவர்களுக்கு ஒரு நாளில் நான்கு மணி நேரம் கிடைத்தால் நல்லது. தமிழுக்கு ஒன்றரை, பொது அறிவுக்கு ஒன்றரை, கணக்குக்கு முக்கால், முந்தின நாள் படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்கக் கால் மணி. அந்தக் கடைசிக் கால் மணியைத்தான் எல்லோரும் வெட்டுவார்கள். மறதி தொடங்குவதும் அங்கேதான். தமிழுக்கு 6 முதல் 10 வரை பள்ளிப் புத்தகங்களை முதலில் முடியுங்கள். நூல்வெளி, ஆசிரியர் குறிப்பு, சொல்லும் பொருளும் ஆகிய கட்டங்களை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும். வழிகாட்டி நூல்களெல்லாம் அதற்குப் பிறகு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்புகள் நடக்கும். பணம் கட்டிச் சேருவதற்கு முன் அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கணக்கைக் கண்டு பயப்படுகிறவர்கள் வட்டியில் தொடங்கலாம். நம் ஊருக்குத் தெரியாத வட்டியா! 10,000 ரூபாய்க்கு 8 விழுக்காட்டில் இரண்டு ஆண்டுக்குத் தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டையும் தனித்தனியாகப் போட்டால் இரண்டு நிமிடம் போகும். முதல் ஆண்டு வட்டி 800. கூட்டுவட்டியில் கூடுதலாக வருவது அந்த 800-க்கு ஓராண்டு வட்டி மட்டுமே: 64 ரூபாய். பத்து விநாடி வேலை. ஏன் என்று புரிந்த ஒரு வகை, மனப்பாடம் செய்த பத்துச் சூத்திரத்தைவிடத் தேர்வறையில் கைகொடுக்கும்.

மாதிரித் தேர்வில் எண் சரிந்த அன்று பயம் நெஞ்சை அடைக்கும். அப்போது புத்தகத்தை மூடிவிட்டு அந்தத் தேவாரத்தை நான்கடியும் நிதானமாக ஒருமுறை சொல்லுங்கள். நீட்டிச் சொல்லும்போது மூச்சு தானாக நிதானப்படும். பிறகு அதே பாடத்திலிருந்து மிக எளிதான ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பள்ளிவாசலுக்கோ மாதா கோயிலுக்கோ போகிற பிள்ளைகள் தங்கள் வழக்கப்படி ஓதலாம், செபிக்கலாம், முறை ஒன்றுதான்.

வேண்டுதலில் நடக்கிற தவறுகளையும் சொல்லியாக வேண்டும். தேர்வுக்கு முந்தின வாரங்களில் பழனிக்குப் பாதயாத்திரை போவதாக நேர்ந்துகொள்ளாதீர்கள். நடையும், காலில் கொப்புளமும், கெட்ட தூக்கமுமாக இரண்டு வாரம் போய்விடும். நேர்த்திக்கடனைத் தேர்வுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். எந்தத் தேர்வு எழுதுவது என்று பூப்போட்டுப் பார்ப்பதும் வேண்டாம். அதை உங்கள் வயதும், படிப்பும், வீட்டு நிலைமையும் சொல்லும். நுழைவுச்சீட்டை சாமி பாதத்தில் வைக்க ஆசையென்றால் ஒரு நகலைக் கொடுங்கள். அசலில் குங்குமமும் எண்ணெயும் பட்டு உங்கள் படம் மங்கிவிட்டால், அறைக் கண்காணிப்பாளர் முன் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும். பேனாவுக்குச் சந்தனம் வைத்தால் முனையில் படாமல் வையுங்கள். கறுப்புப் பந்துமுனைப் பேனா இரண்டு தேவை. இரண்டையும் முந்தின நாள் எழுதிப் பாருங்கள்.

தேர்வன்று காலை பிள்ளையார்பட்டிக்குப் போய்வந்து எழுதலாம் என்று கிளம்பாதீர்கள். காரைக்குடியிலிருந்து போய்த் திரும்பவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அன்று சதுர்த்தியாக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். முந்தின நாள் சாயங்காலம் போய் வரலாம். காலையில் தெருக்கோடிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போதும், இல்லையென்றால் ஊருக்குள்ளேயே கொப்புடையம்மன் இருக்கிறாள். தேர்வு ஒன்பதரைக்குத்தான் என்றாலும் ஒன்பது மணிக்குமேல் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். எட்டே காலுக்கு மையத்தில் இருக்கிற மாதிரி பஸ்ஸைப் பிடியுங்கள். சஷ்டி, கார்த்திகை என்றாலும் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். வெள்ளைப் பணியாரமும் வேண்டாம். எண்ணெயும் உளுந்தும் பத்தரை மணிக்குக் கண்ணைச் சொருக வைக்கும். நான்கு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

180 நிமிடத்தில் 200 கேள்வி என்றால் ஒன்றுக்கு 54 விநாடி. தமிழை 50 நிமிடத்திலும், பொது அறிவை 45 நிமிடத்திலும், கணக்கை 40 நிமிடத்திலும் முடியுங்கள். விடைத்தாளில் வட்டம் நிரப்ப 20 நிமிடம் போனாலும் 25 நிமிடம் கையில் நிற்கும். நிரப்புவதைக் கடைசிக்கு வைக்காமல் பத்துப் பத்தாக நிரப்புங்கள். 37-ஐ விட்டுவிட்டு 38-இன் விடையை 37-இல் நிரப்பினால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் ஒரு வரி தள்ளிப் போய்விடும்; ஒவ்வொரு பத்தாவது கேள்வியிலும் எண்ணை ஒத்துப் பார்த்தால் தப்பிக்கலாம். வினாத்தொகுப்பில் விடையைக் குறிக்கக் கூடாது. சந்தேகக் கேள்விகளின் எண்ணைக் கடைசியில் உள்ள கணக்குப் போடும் பக்கத்தில் எழுதிவைத்துத் திரும்பி வாருங்கள்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. ஆகவே விடை தெரியவில்லை என்பதற்கான ‘E’ வட்டத்தைத் தொடாமல் நான்கில் ஒன்றைத் துணிந்து நிரப்புங்கள். அறவே தெரியாத 20 கேள்விக்கு இப்படிக் குறித்தால் சராசரியாக ஐந்து சரியாக விழும்; ஏழரை மதிப்பெண். ஆனால் எந்த வரியையும் வெறுமையாக விடாதீர்கள், அதற்குத் தண்டனை உண்டு. நுழைவுச்சீட்டோடு வரும் அறிவுரைகளை முந்தின நாள் ஒருமுறை சத்தமாக வாசித்துவிடுங்கள்.

வினாத்தொகுப்பை வீட்டுக்கு எடுத்து வரலாம். தேர்வாணையத்தின் உத்தேச விடைகள் வந்ததும் பொருத்திப் பார்த்து, தவறு கண்டால் பள்ளிப் புத்தகத்தின் பக்கத்தோடு கெடுவுக்குள் ஆட்சேபணை அனுப்புங்கள். குன்றக்குடிக்கு நடந்து போவதாக வேண்டியிருந்தால் முடிவு வரும் வரை காத்திருக்க வேண்டாம், அதற்கு மாதக்கணக்காகும். தேர்வுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்து, திங்கட்கிழமை குரூப் 2 பாடத்திட்டத்தை எடுங்கள்.