சும்மா கிடைக்கும் தேன்

நேற்று கோத்தகிரியில் ஒருவர் மலைத்தேனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். "காட்டில் சும்மா கிடைப்பதுதானே?" என்றார்.

சும்மாவா? நீலகிரிப் பழங்குடியினரான குறும்பர்கள் செங்குத்தான பாறையில் காட்டுக்கொடி ஏணி கட்டித் தொங்கி, புகை போட்டு, மலைத்தேனீயின் கொட்டு வாங்கிக்கொண்டே அடையை அறுத்து எடுக்கிறார்கள். நான் பாறை விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும்.

நீலகிரிப் பொருளாதாரம் என்றால் தேயிலை, சுற்றுலா என்று நிறுத்திக்கொள்கிறோம். தேயிலை வருவதற்கு முன்பே இங்கே மலைச் சமூகங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் இருந்தது. கோத்தர் இரும்புக் கருவியும் மண்பானையும் செய்தார்கள். தோடர் எருமை நெய் தந்தார்கள். படுகர் தானியம் தந்தார்கள். குறும்பர் தேனும் மூங்கில் கூடையும் கொண்டுவந்தார்கள். அப்புறம் தோடர்களின் பூத்தையல். மாதிரி வரையாமல், இழையை எண்ணியே தைப்பார்கள். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இன்று பழங்குடியினரே பங்குதாரர்களாக உள்ள ஆதிமலை நிறுவனம் தேன், மெழுகு, காப்பி எல்லாம் விற்கிறது. 2021இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசும் பெற்றது.

சரி, அந்த மனிதர்? தேன் வாங்கவில்லை. பக்கத்துக் கடையில் வர்க்கி வாங்கினார், பேரம் பேசாமல்.