நேர்கோடு மாதிரி ஒரு வளைவு

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். தண்ணீரில் இரும்பு எவ்வளவு என்று பார்க்கும் சோதனை என் கைக்கு வந்திருந்தது. ஹைட்ராக்சிலமின் விட்டு இரும்பு முழுவதையும் ஃபெரஸ் நிலைக்குக் கொண்டுவந்து, பெனாந்த்ரோலின் சேர்த்தால் ஆரஞ்சுச் சிவப்பாக நிறம் ஏறும். அதை ஸ்பெக்ட்ரோவில் (கரைசல் வழியே ஒளியை விட்டு அளக்கும் கருவி) 510 நானோமீட்டரில் வைத்து அப்சார்பன்ஸ், அதாவது கரைசல் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற அளவு, எடுக்க வேண்டும். இரும்பு கூடினால் அதுவும் அதே விகிதத்தில் கூடும் என்பது விதி. இரும்பு சேர்க்காத பிளாங்க் ஒன்று, 1 முதல் 5 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை இரும்பின் அளவு தெரிந்த ஸ்டாண்டர்ட் ஐந்து. ஆறு புள்ளிகளையும் எக்செலில் போட்டுக் கோடு இழுத்தேன். கோட்டோடு புள்ளிகள் எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் ஆர்-ஸ்கொயர், 1 வந்தால் முழுப் பொருத்தம்; எனக்கு 0.9999! அதற்குப் பிறகு வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. (பெயர்தான் கேலிபரேஷன் கர்வ், நாங்கள் ஆசைப்படுவதெல்லாம் நேர்கோட்டுக்குத்தான்.)

மாதிரி 1.9 காட்டியது. கோட்டின்படி 9.8 பிபிஎம். எழுதிக் கையெழுத்துக்கு வைத்துவிட்டேன்.

மேடம் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, உன் கடைசி ஸ்டாண்டர்ட் எவ்வளவு?"

"அஞ்சு பிபிஎம், மேடம்."

"ரீடிங்?"

"0.968."

"அப்போ 9.8னு உனக்கு யார் சொன்னா?"

கோடுதான் சொன்னது என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அவர் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு ஸ்டாண்டர்டுக்கும் கோடு தரும் மதிப்பைப் போட்டு, நான் எடுத்த ரீடிங்கிலிருந்து கழித்து எழுதினார். பிளாங்க் கோட்டுக்கு 0.003 கீழே. 1 பிபிஎம் கோட்டின் மேலேயே. 2, 3, 4 மூன்றும் கொஞ்சம் மேலே. 5 மட்டும் 0.004 கீழே. பிப்பெட் பிழை என்றால் மேலும் கீழும் இஷ்டத்துக்குச் சிதறியிருக்கும். இங்கே நடு உப்பி, இரண்டு முனையும் தொங்கியது. ரீடிங்குகள் போகும் பாதை 5 பிபிஎம்முக்கு வரும்போதே வளைய ஆரம்பித்துவிட்டது. நானோ கோட்டை இன்னும் அவ்வளவு தூரம் நேராகவே நீட்டியிருந்தேன்.

அப்சார்பன்ஸ் 2 என்றால் நூற்றில் ஒரு பங்கு ஒளிதான் டிடெக்டருக்குப் போய்ச் சேருகிறது. அந்த நிலையில், வேறு அலைநீளத்து ஒளி அரை சதவீதம் உள்ளே சிதறி வந்தாலும் போதும், கருவி ஏமாந்துவிடும். வரும் ஒளி அதிகம், ஆகவே இரும்பு குறைவு என்று கணக்குப் போடும். விதியில் தப்பில்லை, கருவிக்குத்தான் அதற்கு மேல் கண் தெரியவில்லை.

மாதிரியை ஐந்து மடங்கு நீர்த்துத் திரும்பச் செய்தேன். நிறம் ஏறிய கரைசலை நீர்க்கப் போனவனை மேடம் தடுத்தார். இரும்பு அதிகமிருந்து பெனாந்த்ரோலின் பற்றாமல் போயிருந்தால் அந்தக் குறை நீர்த்த பிறகும் அப்படியேதான் இருக்கும். மாதிரியையே நீர்த்து, புதிதாக நிறம் ஏற்ற வேண்டும். ரீடிங் 0.452, அதாவது 2.32 பிபிஎம், ஐந்தால் பெருக்கினால் 11.6. முதலில் எழுதியதைவிட ஏறக்குறைய 2 பிபிஎம் அதிகம்.

அன்றிலிருந்து வித்தியாசங்களைத் தனி வரைபடமாகப் போடாமல் எந்தக் கோட்டையும் நான் ஏற்பதில்லை. கோட்டைப் பூஜ்யத்தின் வழியாகக் கட்டாயப்படுத்தி இழுக்கும் பழக்கமும் எனக்குப் பிடிக்காது; பிளாங்க் காட்டிக்கொடுப்பதை அது மறைத்துவிடும். மென்பொருளில் அதற்கு ஒரு டிக் பெட்டி வைத்த புண்ணியவான் யாரோ!

பிறகு சர்வீஸ் இன்ஜினியர் வந்து கருவியைத் திறந்தார். உள்ளே கண்ணாடியில் ஒளியைச் சிதறடிக்கும் மங்கலான படலம் படிந்திருந்தது. அதைச் சரிசெய்த பின் அதே ஸ்டாண்டர்டுகளைப் புதிதாகத் தயாரித்து ஓட்டினேன். 5 பிபிஎம் 0.99க்கு ஏறியது, நடுவில் இருந்த உப்பல் காணாமல் போனது. ஆர்-ஸ்கொயர் மட்டும் நான்கு தசமத்தில் அதே 0.9999.