மூன்று நிமிடப் பாடலுக்குப் பத்து வார ஆராய்ச்சி

ஊடகக் கல்வியின் இறுதிச் செயல்திட்டமாக இண்டி (‘சுயாதீனம்’ எனப் பொருள்படும் ‘இண்டிபென்டன்ட்’ என்பதன் சுருக்கம்) பாடல் ஒன்றுக்கு மியூசிக் வீடியோ எடுத்துத் தர வேண்டும் என்று சொல்லப்பட்டபோது, எங்கள் மூவர் குழுவில் ஒருவருக்கும் ஆராய்ச்சிப் பகுதியின் மேல் மரியாதை இருக்கவில்லை. பாடலைத் தேர்ந்தெடுப்பது, அவ்வகை வீடியோக்களின் காட்சி மரபுகளை ஆராய்வது, பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்பது, காட்சித் திட்டம் வரைவது ஆகியவற்றுக்குப் பத்து வாரங்களும் படப்பிடிப்புக்கு இரண்டே நாள்களும் ஒதுக்கப்பட்டிருந்ததைப் பார்த்து, யாரோ கணக்கைத் தவறாகப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். அந்தப் பத்து வாரங்களில் எங்கெங்கே தடுமாறினோம் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். இதே வேலையில் இறங்கியிருப்பவர்களுக்கு எங்கள் தவறுகளாவது பயன்படும்.

முதல் வாரத்தில் இண்டி என்ற சொல்லே எங்களைக் குழப்பியது. திரைப்படத்தில் இடம்பெறாத பாடல் என்பது ஒருவர் கொண்ட பொருள். கிட்டார் ஒலி தூக்கலாகவும் குரல் சற்றே சோர்வாகவும் இருக்கும் பாடல் என்பது இன்னொருவர் கொண்ட பொருள். வரலாற்றைப் புரட்டினால், தொடக்கத்தில் அந்தச் சொல் இசை எப்படி ஒலிக்கிறது என்பதைப் பற்றியதே அல்ல என்று தெரிந்தது. 1977 ஜனவரியில் பஸ்காக்ஸ் என்ற ஆங்கிலேயக் குழு கடன் வாங்கித் தன் முதல் இசைத்தட்டைத் தானே வெளியிட்டது. 1978இல் ரஃப் டிரேட், ஃபேக்டரி போன்ற சிறு லேபிள்கள் (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனங்கள்) தோன்றின. 1980 ஜனவரியில் பிரிட்டனில் இண்டி பாடல்களுக்கென்று தனித் தரவரிசைப் பட்டியல் வெளிவரத் தொடங்கியபோது, பெரிய நிறுவனங்களின் விநியோக வலையைச் சாராமல் இசைத்தட்டு கடைக்கு வந்திருக்கிறதா என்ற ஒன்றைத்தான் கவனித்தார்கள். இண்டி என்றால் ஒரு தனி ஒலிநடை என்ற எண்ணம் பின்னர் வலுப்பெற்றது, 1986இல் என்.எம்.இ. என்ற பிரிட்டிஷ் இசை இதழ் பல சிறு குழுக்களின் பாடல்களைத் தொகுத்து வெளியிட்ட சி86 ஒலிநாடாவுக்கு அதில் பெரும் பங்குண்டு.

இதை எதற்காக இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஆராய்ச்சியின் போக்கை மாற்றியது இந்த ஒரு தகவல்தான். ஆனால் அது உடனே உறைக்கவில்லை. அதற்குள் நாங்கள் அட்டவணை போடத் தொடங்கிவிட்டோம்.

மியூசிக் வீடியோவைப் பற்றிப் படிப்பவர்கள் எல்லாரும் ஊடக ஆய்வாளர் ஆண்ட்ரூ குட்வின் 1992இல் எழுதிய கருத்துகளை ஒருமுறையாவது தொட்டுச் செல்ல வேண்டியிருக்கும். இசை வகைக்குரிய காட்சி அடையாளங்கள், பாடல் வரிக்கும் காட்சிக்கும் உள்ள உறவு, இசைக்கும் காட்சிக்கும் உள்ள உறவு, கலைஞரின் முகத்தை நெருக்கத்தில் காட்டச் சொல்லும் லேபிளின் தேவை, பார்த்தல் என்பதன் மீதான அழுத்தம், பிற படைப்புகளைச் சுட்டுதல் என்று அவர் கருத்துகளை ஆறு தலைப்புகளாகத் தொகுத்து வகுப்புகளில் கற்பிக்கிறார்கள். நாங்கள் பன்னிரண்டு வீடியோக்களைத் தேர்ந்து, ஆறு தலைப்புகளையும் குறுக்கே எழுதி, கட்டங்களை நிரப்பினோம். மங்கிய நிறம், கையில் பிடித்த கேமராவின் நடுக்கம், திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும் படச்சுருளின் துகள், பழைய தொலைக்காட்சியைப் போன்ற 4:3 சட்டகம், ஜன்னல் வெளிச்சம், வெறும் அறையில் வாசிக்கும் குழு என்று ஒரே பட்டியல் எல்லாக் கட்டங்களிலும் திரும்பத் திரும்ப வந்தது. முப்பது பக்கம் சேர்ந்ததும் எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆசிரியர் அதை வாங்கி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, “என்னென்ன இருக்குன்னு எழுதியிருக்கீங்க. ஏன் இருக்குன்னு ஒரு வரிகூட இல்லையே?” என்று திருப்பிக் கொடுத்தார்.

அந்தக் கேள்வியோடுதான் முதல் வாரத்து வரலாறு நினைவுக்கு வந்தது. விநியோகம் கையில் இல்லாதவர்களிடம் வீடியோவுக்கான பணமும் இருந்திருக்காது. அப்படியானால் நாங்கள் அழகியல் என்று எழுதிவைத்தவற்றில் எவையெல்லாம் இல்லாமையிலிருந்து பிறந்தவை? படச்சுருளின் துகளை எடுத்துக்கொள்வோம். 1965இல் கோடாக் அறிமுகப்படுத்திய சூப்பர் 8 படச்சுருள் வீட்டு விழாக்களைப் படம்பிடிப்பதற்காக உருவானது. அதன் சட்டகம் மிகச் சிறியது. பெரிதாக்கிப் பார்க்கும்போது துகள் துருத்திக்கொண்டு தெரியும். மலிவாக இருந்ததால் பணமில்லாதவர்கள் அதைக் கையிலெடுத்தார்கள். குடும்பப் படங்களில் பார்த்துப் பழகிய தோற்றம் என்பதால் பார்ப்பவருக்கு அது பழைய நினைவுபோலத் தெரிந்தது. முதலாவது பணத்தின் கதை, இரண்டாவது மனத்தின் கதை. எங்கள் அட்டவணையில் இரண்டுமே இல்லை. ‘துகள் உள்ளது’ என்று மட்டும் இருந்தது.

எல்லாவற்றையும் வறுமைக் கணக்கில் எழுதிவிட முடியாது என்பதும் விரைவிலேயே தெரிந்தது. 1985இல் தி ரீபிளேஸ்மென்ட்ஸ் குழு பெரிய லேபிள் ஒன்றில் சேர்ந்த பிறகு வெளியிட்ட ஒரு வீடியோவில், ஏறக்குறைய பாடல் முழுவதும் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியே திரையில் இருக்கும். கருப்பு வெள்ளையில், ஏறக்குறைய அசைவே இல்லாமல். வீடியோ எடுத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடிக்கு அவர்கள் காட்டிய முரண்டு அது. 2005இல் டொமினோ என்ற சிறு லேபிளின் கீழ் வந்த ஆர்க்டிக் மங்கீஸ் குழுவினர் தம் வீடியோவைப் பழைய தொலைக்காட்சிக் கேமராக்களால் எடுத்தார்கள். புதிய கருவிகள் கிடைக்கிற காலத்தில் பழையதைத் தேடிப்போவது தெரிவே தவிர இல்லாமை அல்ல. 2006இல் ஓகே கோ குழு எட்டு ஓட்டப்பொறிகளின் (டிரெட்மில்) மேல் ஒரே ஷாட்டில் ஆடியபோதும் பெரிய லேபிளின் ஒப்பந்தத்தில்தான் இருந்தது. ஆகவே இண்டி தோற்றம் வேறு, இண்டி பொருளாதாரம் வேறு. சில வீடியோக்களில் இரண்டும் சேர்ந்திருக்கும், பலவற்றில் தோற்றம் மட்டும் இருக்கும். குறிப்பேட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் ‘கட்டாயமா, தெரிவா, முரண்டா’ என்று ஒரு கூடுதல் வரி சேர்த்து மறுபடி எழுதினோம். முப்பது பக்கம் பதினொன்றாகச் சுருங்கியது.

பார்க்கும் முறையையும் மாற்றிக்கொண்டோம். ஒவ்வொரு வீடியோவையும் முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். பிறகு திரையை அணைத்துவிட்டுக் கேட்டோம். மூன்றாம் முறைதான் சேர்த்துப் பார்த்தோம். ஒலி இல்லாமல் பார்க்கும்போது கதை இருப்பதுபோல் தோன்றிய சில வீடியோக்களில் உண்மையில் கதையே இல்லை என்பதும், நான்கைந்து படிமங்கள் மாறி மாறி வருவதைப் பாடல்தான் ஒரு கதையாகக் கட்டிவிடுகிறது என்பதும் புலப்பட்டன. ஷாட்டுகளை எண்ணும் வேலை சலிப்பூட்டக்கூடியது. ஒவ்வொரு வெட்டுக்கும் (ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம்) காணொளியை நிறுத்தி, நேரத்தைக் குறித்து, மொத்த விநாடிகளை ஷாட்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஆனால் எனக்கு மிகவும் உதவிய பயிற்சி அதுவே. தாளத்தின் மேல் வெட்டுவதுதான் இலக்கணம் என்று நம்பியிருந்தேன். எனக்குப் பிடித்த வீடியோக்களில் வெட்டுகள் தாளத்துக்கு இரண்டு மூன்று ஃபிரேம் (காணொளியின் தனித்தனிப் படம்) முன்னதாகவோ, பாடகர் மூச்சு இழுக்கும் இடத்திலோ விழுந்திருந்தன. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வெட்டு என்று தவறாமல் விழுந்த இடங்கள் விளம்பரம்போல் இருந்தன. இது என் காதின் தீர்ப்பு. குழுவில் ஒருவர் கடைசிவரை இதை ஏற்கவில்லை.

பாடலைத் தேர்ந்தெடுப்பதில்தான் மூன்று வாரங்கள் வீணாயின. பாடலைப் படத்தோடு சேர்க்க இரண்டு உரிமைகள் வேண்டும்: வரியும் மெட்டுமாகிய படைப்பின் உரிமை ஒன்று, குறிப்பிட்ட ஒலிப்பதிவின் உரிமை மற்றொன்று. நாங்கள் முதலில் விரும்பிய பாடலுக்கு இவை இரண்டும் வெவ்வேறு கைகளில் இருந்தன. எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பதிலே வரவில்லை. அடுத்து, சில நிபந்தனைகளோடு எவரும் பயன்படுத்தப் படைப்பாளியே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியான பாடல் ஒன்றைக் கண்டுபிடித்து, இலவசமாகக் கிடைத்துவிட்டது என்று காட்சித் திட்டமே வரைந்துவிட்டோம். அந்த உரிமத்தில் ‘வழிப்படைப்புகள் கூடாது’ என்ற நிபந்தனை இருந்தது. பாடலின் ஒரு சுரத்தைக்கூட மாற்றப்போவதில்லையே, நமக்கென்ன என்று அதைத் தள்ளிவிட்டோம். உரிம வாசகத்தை முழுவதும் படித்த பிறகுதான், பாடலை நகரும் படத்தோடு ஒத்திசைப்பதையே அந்த உரிமங்கள் தழுவல் படைப்பாகக் கொள்கின்றன என்று தெரிந்தது. வரைந்த தாள்கள் குப்பைக்குப் போயின.

மூன்றாவது பாடல், தானே எழுதி, தானே பாடி, வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து வெளியிட்ட ஒருவருடையது. இம்முறை கடிதத்தை ஒழுங்காக எழுதினோம்: எதற்காக எடுக்கிறோம், எங்கே திரையிடுவோம், இணையத்தில் ஏற்றுவோமா, அதில் வருமானம் வருமா, முடிந்த வடிவத்தை அவருக்கு எப்போது காட்டுவோம் என்று ஐந்து செய்திகள் மட்டும். இரண்டாம் நாளே சம்மதம் வந்தது. சிறு கலைஞர்களின் பாடலை மாணவர்கள் நாடுவதற்கு அழகியலைவிட இந்த ஒரு நடைமுறைக் காரணமே போதும் என்று எனக்குப் படுகிறது.

பார்வையாளர் கருத்துக்கணிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இண்டி வீடியோவில் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டோம்; எல்லாரும் கதை என்று எழுதினார்கள். பிறகு அவர்களில் ஆறு பேரை உட்காரவைத்து மூன்று வீடியோக்களைப் போட்டுக்காட்டி, எந்த இடத்தில் கண் கைபேசிக்குப் போகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டோம். கதை புரிந்துவிட்ட இடத்தில்தான் கண்கள் நகர்ந்தன. வினாத்தாளைவிட அந்த அரை மணி நேரம் பயனுள்ளதாக இருந்தது.

எங்கள் பாடல் ஒரு வீட்டைக் காலி செய்து போவதைப் பற்றியது. வரிக்கும் காட்சிக்கும் உள்ள உறவில், வரியை அப்படியே காட்டுவது, அதன் பொருளை விரிப்பது, அதற்கு முரணாக நிற்பது என்று குட்வின் மூன்று வழிகளைச் சொல்கிறார். பெட்டிகள், பூட்டிய கதவு, புறப்படும் வண்டி என்று நாங்கள் முதலில் எழுதியவை எல்லாம் முதல் வழியைச் சேர்ந்தவை. சொற்கள் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே போடலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. 1965இல் பாடகர் பாப் டிலான் தன் பாடல் காட்சியில் செய்துகாட்டியதிலிருந்து மாணவர்கள் கையில் அது தேய்ந்துபோய்விட்டது என்று கைவிட்டோம். கடைசியில் ஒரு பெண் வெற்று அறையின் ஒரு சுவருக்கு வெள்ளையடிப்பது மட்டுமே வீடியோவின் கதை, அதோடு பாடகராக நடிப்பவர் பாடும் ஷாட்டுகள் என்று முடிவாயிற்று. குழந்தையின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் சுவரின் ஓரத்தில் இருக்கும். உருளை அவற்றை நெருங்கும்போது பாடல் முடியும். இந்த முடிவுக்கு எங்கள் ‘கட்டாயம்’ என்ற வரியே காரணம்: எங்களிடம் ஓர் அறை, ஒரு ஜன்னல், ஒரு வாளிச் சுண்ணம் மட்டும் இருந்தன. அடித்த வெள்ளையைத் திரும்ப எடுக்க முடியாதாகையால் ஷாட்டுகளைப் பாடலின் வரிசையிலேயே எடுத்தாக வேண்டியிருந்தது. ஈரமான சுவர் பளபளப்பதும் காய்ந்தது மங்குவதும் காலக் கணக்கைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் இடைவேளைகூட விட முடியவில்லை.

வெள்ளோட்டப் படப்பிடிப்பில் இரண்டு பாடங்கள் கிடைத்தன. பாடலின் வேகம் நிமிடத்துக்கு 96 தட்டுகள். நீளம் 3 நிமிடம் 20 விநாடி. விநாடிக்கு 24 ஃபிரேம் வைத்தால் ஒரு தட்டுக்குச் சரியாக 15 ஃபிரேம், நான்கு தட்டுச் சுற்றுக்கு 60 ஃபிரேம், முழுப் பாடலுக்கு 80 சுற்றுகள் என்று கணக்கு அழகாக உட்கார்ந்தது. ஆனால் பாடகராக நடித்த நண்பரின் உதட்டசைவு முதல் பல்லவியில் பொருந்தி, இரண்டாம் சரணத்துக்குள் விலகிவிட்டது. கைபேசி ஃபிரேம் வேகத்தை ஒரே சீராக வைக்காமல் வெளிச்சத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கியதே காரணம். வேகத்தைப் பூட்டிவைக்கும் செயலி ஒன்றை நிறுவிய பிறகு சிக்கல் தீர்ந்தது.

மற்றொன்று மெதுவேகக் காட்சி. 2000ஆம் ஆண்டில் கோல்ட்ப்ளே குழுவின் பாடகர் கடற்கரையில் நடந்துவரும் வீடியோவை விநாடிக்கு 50 ஃபிரேமில் எடுத்துப் பாதி வேகத்தில் ஓட்டினார்கள். உதட்டசைவு பொருந்துவதற்காக அவர் இரட்டை வேகத்தில் பாட வேண்டியிருந்தது. அதையே நாங்கள் 60 ஃபிரேமில் முயன்றோம். அதை 24க்கு இறக்கினால் பாடலை இரண்டரை மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட வேண்டும். நிமிடத்துக்கு 240 தட்டுகள். நண்பரின் வாய் ஒரு வரிகூட முழுதாகச் சொல்ல முடியாமல் குழறியது. சிரித்துச் சிரித்தே அந்த மாலை போயிற்று. 48 ஃபிரேமுக்கு மாறி, கடைசிப் பல்லவியின் ஒரே ஒரு வரிக்கு மட்டும் அந்த உத்தியை வைத்துக்கொண்டோம்.

தொகுத்து முடித்தபோது மொத்தம் 40 ஷாட்டுகள் இருந்தன. சராசரியாக ஒரு ஷாட்டுக்கு ஐந்து விநாடி. படத்தொகுப்பு மென்பொருளில் துகள் சேர்க்கும் வடிகட்டி ஒன்று இருந்தது. ஒருமுறை போட்டுப் பார்த்தோம். சுவரின் ஈரம் தெரியாமல் போனதால் எடுத்துவிட்டோம். முடிந்த வடிவத்தைப் பாடகருக்கு அனுப்பினோம். ஒலிப்பதிவில் தாளம் வாசித்த நண்பரின் பெயரும் தன் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவில் வர வேண்டும் என்று ஒரே ஒரு மாற்றம் கேட்டார். கடைசி ஷாட்டின் வெள்ளைச் சுவரில் இரண்டாவது பெயருக்கு இடம் இருந்தது. அதைச் சேர்த்து, கோப்பை ஒப்படைத்தோம்.