கடலைக் கொல்லையில் மைனஸ் 196 டிகிரி

ஏப்ரலில் பத்து நாள் குப்பம் பக்கம் வேலை. சித்தூர் மாவட்டத்தின் கடைக்கோடி. ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, ஒரு பக்கம் கோலார். தமிழும் தெலுங்கும் ஒரே பேச்சில் கலந்து வரும் ஊர். கோலார் தங்கவயலின் பாறைப் பட்டை தெற்கே இங்கேயும் நீள்கிறது. அதில் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் சல்ஃபைடு தாதுவைத் தேடிப் போயிருந்தோம்.

அறுவடை முடிந்த கொல்லையில் வயரைப் பெரிய சதுரமாக விரித்து, கரண்ட் விட்டு, சட்டென்று நிறுத்துவோம். கீழே தாதுவில் சுழல் மின்னோட்டம் எழுந்து மெல்ல அடங்கும். அதன் காந்தப்புலத்தை ஸ்குவிட் என்ற மீக்கடத்தி சென்சார் பிடிக்கும். மீக்கடத்தி என்றால் கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள். சாதாரணச் சுருள் புலம் மாறும் வேகத்தைத்தான் அளக்கும். ஸ்குவிட் புலத்தையே அளப்பதால் கடைசியில் வரும் மெல்லிய சிக்னலும் கிடைக்கும். அளவு பிகோடெஸ்லா கணக்கு. ஒரு பிகோடெஸ்லா என்றால் அங்கே பூமியின் புலத்தில் ஏறக்குறைய 4 கோடியில் ஒரு பங்கு.

இதெல்லாம் குளிர் இருக்கும்வரைதான். எங்கள் சென்சாரின் பொருள் மைனஸ் 181 டிகிரிக்குக் கீழேதான் மீக்கடத்தும். திரவ நைட்ரஜன் மைனஸ் 196. நடுவில் இருப்பது 15 டிகிரி. மெஷின் வைத்துக் குளிர்வித்தால் அதன் மோட்டாரும் அதிர்வும் சிக்னலைக் கெடுக்கும். சென்சாரை நைட்ரஜனில் மூழ்க வைக்கும் குடுவையும் உலோகமாக இருக்கக் கூடாது. அதிலேயே சுழல் மின்னோட்டம் வந்துவிடும். ஆகவே ஃபைபர்கிளாஸ் குடுவை, கையால் ஊற்றும் நைட்ரஜன்.

மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு ரீடிங் கன்னாபின்னாவென்று போனது. திறந்து பார்த்தால் நைட்ரஜன் சென்சாருக்குக் கீழே இறங்கியிருந்தது. வெயில் ஒரு பக்கம், தெர்மோகோல் மூடி சரியாக உட்காராதது ஒரு பக்கம். மூடியை இறுக்கி அடைக்கவும் முடியாது; ஒரு லிட்டர் ஆவியானால் 700 லிட்டர் அளவுக்கு வாயு, வழி விடாவிட்டால் குடுவை வெடிக்கும். நைட்ரஜன் வண்டியும் வந்தபாடில்லை. பெரிய கேனில் எவ்வளவு மிச்சம்? எட்டிப் பார்த்தால் வெறும் புகை.

பக்கத்துத் தோட்டத்தில் பசுவுக்குச் சினை ஊசி போட வந்த அண்ணன் எங்கள் கேனைப் பார்த்துவிட்டு நின்றார். அவர் பைக்கிலும், காளை விந்தை உறைநிலையில் வைக்க, ஒரு சின்ன நைட்ரஜன் கேன். “குச்சி விட்டுப் பாக்கலயா தம்பி?” என்றார். மெல்லிய மரக்குச்சி ஒன்றை அடிவரை இறக்கி, பத்து எண்ணி, வெளியே எடுத்துக் காற்றில் இரண்டு ஆட்டு ஆட்டினார். நுனியிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு உறைபனி வெள்ளையாகப் படிந்தது. “வெள்ளை எவ்வளவோ சரக்கு அவ்வளவுதான். குழாய் மட்டும் உள்ள விட்டுடாதீங்க, மேல பீச்சி அடிக்கும்.”

ஒரு தடவை ஊற்றப் போதும். முதலில் கொஞ்சம் விட்டேன், சீறிக்கொண்டு பொங்கியது. பொறுத்து, இன்னும் கொஞ்சம். சீறல் அடங்கி, முணுமுணுப்பாகி, அப்புறம் சத்தமே இல்லை. அதுதான் குளிர்ந்ததற்கு அடையாளம். பொழுது சாயும்வரை ரீடிங் ஆடாமல் நின்றது.

அந்தக் குச்சியை அண்ணன் எங்களிடமே கொடுத்துவிட்டார். விரலுக்கு ஒரு கோடு போட்டு டூல்பாக்ஸில் வைத்திருக்கிறேன். மிச்ச நாள் முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அதை இறக்கிப் பார்த்துத்தான் வேலை நடந்தது.