தக்காளி மணியும் காக்பர்ன் துரையும்

என் தக்காளியைக் காணோம். சாம்பார்த் தக்காளி இல்லை. முறுக்கி வைத்தால் 25 நிமிஷம் டிக்டிக்கென்று ஓடி மணியடிக்கிற பிளாஸ்டிக் தக்காளி. இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர் 1980களின் பிற்பகுதியில் படிப்பு ஓடாமல் தவித்தபோது, இந்த மாதிரி ஒரு சமையலறை மணியை மேஜையில் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு. இன்று ஆய்வேட்டோடு மல்லுக்கட்டுகிற பாதிப் பேர் அதைத்தான் பிடித்துத் தொங்குகிறோம். மணியை எடுத்துக்கொண்டு போனதற்கு அவருடைய வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதுதான் எங்கும் காணவில்லை.

எங்கள் வீட்டில் சொன்னது இது: "படிக்கிறது மணி அடிக்காமயும் படிக்கலாம் கண்ணு. உளுந்து மணி அடிச்சாத்தான் எடுக்க முடியும்."

அம்மா கணக்கில் கிரைண்டரில் உளுந்து பதமாக 25 நிமிஷம். சிரில்லோவே வந்து நின்றாலும் தோற்றிருப்பார்.

இன்றைக்கு சேலம் அம்மாப்பேட்டையில் மாதாந்திர மின்தடை, காலை 9 முதல் 5 வரை. அதனால் விடிந்ததும் தெரு மொத்தமும் மாவாட்ட உட்கார்ந்துவிட்டது. எங்கள் உளுந்து முடிந்ததும் தக்காளி எதிர்வீட்டு அக்காவிடம் போனது, அங்கிருந்து விசைத்தறிக்காரர் வீட்டுக்கு. அப்புறம் எங்கே போனதென்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுகிறார்கள்.

9 மணிக்குக் கரண்ட் போனது. பக்கத்து விசைத்தறியும் நின்றது. அந்தச் சத்தத்தில் எழுத முடியவில்லை என்று வருஷக்கணக்கில் புலம்பியவள் நான். சரி, இன்றாவது நிம்மதி என்று லேப்டாப்பைத் திறந்தால், வேலை நின்ற தெரு முழுக்க எங்கள் திண்ணைக்கு வந்துவிட்டது. ஏழாவது வீட்டுப் பெரியம்மாவுக்கு ஒரே கேள்விதான்: "இன்னுமா படிக்கிற?" பிஎச்.டி.க்கு ஆறு வருஷம் வரை அவகாசம் உண்டு, மறுபதிவு, பெண்களுக்கான சலுகை எல்லாம் சேர்த்தால் பத்து வரை போகலாம் என்று தம்பி விளக்கம் கொடுத்தான். அவனை யார் கேட்டது? "பத்து வருசமா! ரெண்டு புள்ள பெத்துப் பள்ளிக்கூடத்துலயே சேத்திருக்கலாமே!"

அப்பாதான் என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். ஆயுசெல்லாம் கைத்தறியில் உட்கார்ந்தவர். என் ஆய்வை முழத்தில்தான் கேட்பார். "இன்னிக்கி எத்தனை முழம் ஆச்சு?" பக்கக் கணக்கெல்லாம் அவரிடம் செல்லாது.

"நீ எழுதும்மா. ஒரு தார் நூல் தீர்ற நேரம் எனக்குக் கையிலயே தெரியும். நான் சொல்றப்ப எந்திரிச்சாப் போதும்" என்று தண்ணீர்த் தொட்டி நிழலில் சாய்ந்தார்.

எழுதினேன். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்த மூன்றாம் இயல். கிரேஞ்ச் எஸ்டேட்டில் மாதக்கணக்காகச் சிக்கிக்கிடந்தவர் இன்று மளமளவென்று நகர்ந்தார். மணியும் இல்லை, அப்பாவின் குரலும் இல்லை. திரும்பிப் பார்த்தால், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு நல்ல உறக்கம். எழுப்ப மனசு வரவில்லை. எழுப்பினால் "ஓய்வெடு" என்பார் என்ற பயமும்தான். லேப்டாப்பில் சார்ஜ் தீரும்போது இயல் முடிந்திருந்தது.

ராத்திரி நெறியாளருக்கு அனுப்பினேன். இந்த மனிதர் மாதக்கணக்கில் பதில் போடாதவர். இன்று பார்த்து அரைமணி நேரத்தில் போட்டுவிட்டார். "மிக நன்று. இதை முதல் இயலாக வைத்து, மற்றவற்றை இதற்கேற்ப மாற்றி எழுதுங்களேன்."

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நெய்த சேலையைப் பிரிச்சு மறுபடியும் பாவு ஓட்டச் சொல்றாரா? சரி, ஓட்டலாம். கூலி யாரு குடுப்பான்னு கேட்டியா?"