திருவண்ணாமலை தீபம்: பரணி முதல் மை வரை

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போகிறவர்களில் பலருக்கு மாலை ஆறு மணி மட்டுமே மனதில் இருக்கும். ஆனால் அந்த நாள் தொடங்குவது விடியற்காலை நான்கு மணிக்கு. அண்ணாமலையார் கருவறையில் முதலில் ஒரு தீபம் ஏற்றி, அந்த ஒன்றிலிருந்து ஐந்து தீபங்களை ஏற்றுவார்கள். இதுதான் பரணி தீபம். ஒருவனாக நிற்கும் இறைவன் ஐம்பூதங்களாகப் பலவாகிறான். மாலையில் அந்தப் பலவும் ஒன்றாகி மலையுச்சியில் ஒரே சுடராக எழுகிறது. மாணிக்கவாசகர் 'ஏகன் அநேகன்' என்று போற்றியதை இந்தத் தலத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். பரணியை விட்டுவிட்டு மகாதீபத்தை மட்டும் பார்ப்பது பாதி தரிசனம் என்றே சொல்வேன். பரணி தீப நேரத்தில் அனுமதிச் சீட்டு இல்லாமல் கோயிலுக்குள் போக முடியாது. சீட்டு கிடைக்காதவர்கள் நான்கு மணிக்கே குளித்துவிட்டு, தங்கிய இடத்திலேயே ஒரு விளக்கிலிருந்து ஐந்து அகல் ஏற்றி வணங்கலாம்.

பத்து நாள் உற்சவத்தில் ஏழாம் நாள் தேரோட்டம். பராசக்தி அம்மன் தேரைப் பெண்களும், சண்டிகேஸ்வரர் தேரைச் சிறுவர்களும் இழுப்பார்கள். வாய்ப்பிருந்தால் அன்றும் போய் வாருங்கள்.

பத்தாம் நாள் மாலை பஞ்சமூர்த்திகள் (விநாயகர், முருகர், அண்ணாமலையார், அம்மன், சண்டிகேஸ்வரர்) தீப தரிசன மண்டபத்தில் எழுந்தருளி மலையை நோக்கிக் காத்திருப்பார்கள். ஆறு மணியை ஒட்டி அர்த்தநாரீஸ்வரர் ஆடியபடியே வெளியே வருவார். ஆண்டில் இந்த ஒரு நாள்தான் அவர் வெளியே வருவது, அதுவும் சில நிமிடங்களுக்கு மட்டும். அந்த ஊரிலுள்ள பவழக்குன்றில் தவமிருந்த உமையம்மை இறைவனின் இடப்பாகம் பெற்ற நாள் இதுவே என்பது தலபுராணம். கொடிமரத்தின் முன் அகண்ட தீபம் ஏற்றப்பட்டதும் மலையில் மகாதீபம் எழும்; ஊர் முழுக்க 'அண்ணாமலையாருக்கு அரோகரா' என்ற முழக்கம். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எல்லார் கண்ணும் மலைமேல் இருக்க, அர்த்தநாரீஸ்வரர் வந்ததும் போனதும் தெரிவதில்லை. உள்ளே நிற்கும் பாக்கியம் கிடைத்தால் கண் மண்டபத்தின் மீதே இருக்கட்டும். மலைத் தீபம் பதினோரு நாள் எரியும், அர்த்தநாரீஸ்வரர் தரிசனத்துக்கு அடுத்த கார்த்திகை வர வேண்டும்.

2668 அடி உயர மலைக்குச் செப்புக் கொப்பரையை முதல் நாளே தோளில் சுமந்து ஏற்றிவிடுவார்கள். அதன் உயரம் ஐந்தரை அடிக்கு மேல். தீபம் ஏற்றும் உரிமை பரம்பரையாகப் பர்வதராஜ குலத்தாருடையது. 3500 கிலோவுக்குக் குறையாத நெய்யும், திரிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் காடாத் துணியும் தேவைப்படும். இவ்வளவும் முதல் நாளே எரிந்து தீர்வதில்லை. நாள்தோறும் நெய்யும் திரியும் சேர்த்துத்தான் பதினோரு நாளும் சுடரைக் காக்கிறார்கள். நெய் காணிக்கை செலுத்த விரும்புகிறவர்கள் கோயிலிலேயே செலுத்தி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நெய்க் குடத்தோடு மலையேறப் பார்க்க வேண்டாம். 2024 டிசம்பர் 1 அன்று பெருமழையில் மலைச்சரிவு ஏற்பட்டு ஏழு உயிர்கள் போயின. அந்த ஆண்டு தீபத்தன்று பக்தர்களை மலையேற விடவில்லை. இந்த மலையே லிங்கம். அதைக் காலால் மிதிப்பதைவிடச் சுற்றி வருவதுதான் முறை.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். சாதாரண நாளில் நான்கைந்து மணி நேரத்தில் முடிக்கலாம். தீபத்தன்று கூட்டம் எந்த இடத்தில் நிறுத்தும் என்று சொல்ல முடியாது. இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். ராஜகோபுரத்தை வணங்கிவிட்டு, மலை வலக்கைப் பக்கம் இருக்க, சாலையின் இடது ஓரமாக நடக்க வேண்டும். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்களும் தேவர்களும் வலம் வருவதாக நம்பிக்கை. அவர்களுக்கு வழி விடுவதே மரியாதை. இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டுத் திசை லிங்கங்களும் வரிசையாக வரும். செருப்பில்லாமல்தான் நடக்க வேண்டும். வெளியூர்க்காரர்களின் பாதம் பாதி வழியில் கொப்புளம் கண்டுவிடுவதால், ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் சிறிது நேரம் வெறுங்காலோடு நடந்து பழகினால் நல்லது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தொடங்காதீர்கள். விரதம் இருப்பவர்கள் பரணியன்று ஒருவேளை உண்டு, கார்த்திகையன்று உபவாசம் இருந்து, தீபம் பார்த்த பிறகே சாப்பிடுவார்கள். முடியாதவர்கள் பால், பழம் எடுத்துக்கொள்ளலாம். மாலையில் மேகம் மலையுச்சியை மூடிக்கொண்டால் மனம் தளர வேண்டாம். மழைக்காலம்தானே, கொஞ்சம் காத்திருந்தால் விலகும்.

மலைத் தீபம் தெரிந்த பிறகுதான் அந்த ஊர் வீடுகளில் விளக்கேற்றுவார்கள். ஒன்று பலவாகி, பல ஒன்றாகி, மறுபடி வாசல்தோறும் பலவாகிறது. புது அகலை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் எடுத்துத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஊறாத மண் எண்ணெயைக் குடித்துவிடும், விளக்கு சீக்கிரமே அணையும். ஈரம் போகாத அகலில் திரி படபடவென்று பொரியும். திரியின் நுனியில் துளி நெய் தடவி, விளிம்புக்கு வெளியே ஒரு நெல் நீளம் மட்டும் விடுங்கள். அதற்கு மேல் நீண்டால் புகையும். நிவேதனத்துக்குப் பொரி உருண்டை. நான்கு கப் பொரிக்கு ஒரு கப் வெல்லம். பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். இளம்பாகில் பிடித்த உருண்டை மறுநாளே நமுத்துப்போகும். பொரியைக் கொட்டிக் கிளறியதும் கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடித்துவிடுங்கள், ஆறினால் சேராது.

பதினோரு நாள் தீபம் நிறைவடைந்ததும் கொப்பரையைக் கீழே இறக்கி, அதில் படிந்த மையைச் சேகரிப்பார்கள். மார்கழி ஆருத்ரா தரிசனத்தன்று அந்த மை முதலில் நடராஜருக்குச் சாத்தப்படும். அதன் பிறகுதான் பக்தர்களுக்குப் பிரசாதமாகக் கிடைக்கும். அந்த மையைப் பெற, நெய் காணிக்கை செலுத்திய ரசீதை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.