அம்மாவின் சாண் கணக்கும் என் எக்செல் கணக்கும்

ஸ்வெட்டர் டிசைன் செய்கிறேன் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "திருப்பூர்லயா?" என்பதுதான். அவர்கள் மேல் தப்பில்லை. நம் ஊரில் நிட்டிங் என்றாலே பனியன் கம்பெனிதான். அங்கே மெஷினில் துணியாகப் பின்னி, வெட்டி, தைப்பார்கள். நான் செய்வது இரண்டு ஊசியில் கையால் பின்னுவது. வெட்டுவதே கிடையாது, ஊசியில் ஏறும் நூல் வளையங்களை, அதாவது கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும்தான் தோளும் கழுத்தும் வரும். நான் விற்பதும் ஸ்வெட்டர் அல்ல, அதைப் பின்னும் முறையை எழுதிய பிடிஎஃப். இதைப் பெரியப்பாவுக்குப் புரியவைக்க இரண்டு தீபாவளி ஆயிற்று.

குன்னூரில் வளர்ந்தவள் நான். எட்டு வயதில் அம்மா ஊசியைக் கையில் கொடுத்தார். அம்மாவிடம் டேப் கிடையாது. முதுகில் சாண் வைத்துப் பார்ப்பார், மனசுக்குள் ஏதோ கணக்குப் போடுவார், கண்ணி ஏற்ற ஆரம்பித்துவிடுவார். சரியாகவே வரும். நானும் அப்படித்தான் முப்பது வருஷம் பின்னினேன். பிழைப்புக்குத் தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதினேன்.

2019-ல் என் மகளுக்குப் பின்னிய ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் தோழி அதன் பேட்டர்ன், அதாவது பின்னும் முறையை எழுதித் தரக் கேட்டாள். இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அவள் பின்னிய ஸ்வெட்டரில் தலையே நுழையவில்லை. என் கை இறுக்கம் வேறு, அவள் கை இறுக்கம் வேறு. 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று நான் எழுதியிருக்க வேண்டும். அது கூடத் தெரியாமல்தான் கிளம்பினேன்.

அடுத்த பாடம் நூலில். கடைகளில் உல்லன் என்று விற்பதில் பெரும்பாலும் அக்ரிலிக்தான். ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும், அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகிவிடும். நல்ல நூல் வேண்டுமென்று சூப்பர்வாஷ் மெரினோ என்ற கம்பளி நூலை வரவழைத்தேன். சாம்பிள் துண்டு பின்னி அளந்தேன். 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி. மார்புச் சுற்று 100 சென்டிமீட்டருக்கு 220 கண்ணி என்று ஒரு மாதம் உட்கார்ந்து முழு ஸ்வெட்டரையும் பின்னினேன். துவைத்து விரித்தால் 110 இருந்தது! நனைந்ததும் 22 கண்ணி 20 ஆகத் தளர்ந்துவிட்டது. மெஷினில் துவைத்தாலும் சுருங்காமலிருக்க அந்தக் கம்பளி இழையின் செதில்களை மழுக்கிவிடுகிறார்கள். அதனால் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. சாம்பிள் துண்டைத் துவைத்துக் காயவைத்த பிறகே அளக்க வேண்டும். அன்றைக்கு நான் அழவில்லை, ஆனால் சமைக்கவும் இல்லை.

உண்மையான வேலை அதற்கு அப்புறம்தான். எனக்குப் பொருந்தும் ஸ்வெட்டர் ஒன்றுதான். பேட்டர்னுக்கோ ஒன்பது அளவு வேண்டும், மார்புச் சுற்று 30 அங்குலத்திலிருந்து 62 வரை. கைப்பின்னல்காரர்கள் கொண்டாடும் எலிசபெத் சிம்மர்மன் ஒரு சதவீதக் கணக்கு சொல்லியிருக்கிறார்: உடல் சுற்று நூறு என்றால் கழுத்து நாற்பது. அதை அப்படியே எக்செலில் போட்டேன். 40 அங்குல ஸ்வெட்டருக்குக் கழுத்து 16, அழகு. 60 அங்குலத்துக்கு 24! தோளிலிருந்தே நழுவி விழும். உடம்பு பருத்தால் மார்பு கூடும் அளவுக்குக் கழுத்தும் தோளும் கூடுவதில்லை. ஒருவர் தனக்கென்று பின்னும்போது அந்தக் கணக்கைக் கையோடு திருத்திக்கொள்வார். ஒன்பது அளவுக்கும் சேர்த்து எழுதும்போது ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாகப் போட வேண்டும். ஃபேக்டரியில் பேலன்ஸ் ஷீட் டேலி பண்ணிய பழக்கம் இங்கேதான் கைகொடுத்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், இந்தத் தொழிலில் ஊசி பிடிக்கும் நேரத்தை விட எக்செல் முன்னால் இருக்கும் நேரம்தான் அதிகம்.

எழுதியதைச் சரிபார்க்க டெக் எடிட்டர் என்று ஒருவர் உண்டு; மணிக்கணக்கில் கட்டணம். முதல் பேட்டர்னில் 17 தப்பு கண்டுபிடித்தார். பிறகு ஆளுக்கு ஒரு அளவாகச் சிலர் பின்னிப் பார்த்துச் சொன்னார்கள். ஒரு பத்திரிகைக்கு அனுப்பியதைப் படம் தெளிவாக இல்லை என்று திருப்பிவிட்டார்கள். படம் எடுப்பது இன்றும் தலைவலிதான். வாங்குகிறவர்கள் குளிர் நாட்டுக்காரர்கள். செப்டம்பரில் பின்ன உட்காருவார்கள், ஆகஸ்டுக்குள் எல்லாம் தயாராக வேண்டும். அந்த மாதங்களில் இங்கே மூடுபனியும் தூறலும். நனைத்து விரித்த ஸ்வெட்டர் நாலு நாளாகியும் காயாது, வெளிச்சமும் இருக்காது.

முதல் பேட்டர்னை, பின்னல்காரர்கள் கூடும் ராவெல்ரி என்ற இணையதளத்தில் போட்டேன், விலை 7 டாலர். முதல் மாதம் 11 பேர் வாங்கினார்கள், அதில் ஒருத்தி என் தோழி. மூன்று வருஷம் வேலையோடு சேர்த்தே ஓட்டினேன். ஆறு பேட்டர்ன் சேர்ந்த பிறகுதான் ராஜினாமா கொடுத்தேன். இப்போதும் அக்டோபர், நவம்பரில் பழைய சம்பளத்தைத் தாண்டும். மே, ஜூனில் பாதி கூட வராது. பிஎஃப் பணத்தைத் தொடாமல் இருப்பதே பெரிய சாமர்த்தியம்.

போன மாதம் புது பேட்டர்னை அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். பன்னிரண்டு பக்கத்தையும் புரட்டிவிட்டு, "ஒரு ஸ்வெட்டருக்கா இத்தனை?" என்றார். தாளை ஓரமாக வைத்துவிட்டு, நான் பின்னி வைத்திருந்த சாம்பிளின் கழுத்தை விரலால் இழுத்துப் பார்த்தார். "இங்க இன்னும் நாலு கண்ணி குறைச்சிருக்கலாம்டி."

இரண்டு நாள் கழித்து டெக் எடிட்டரின் மெயில் வந்தது. மூன்றாவது அளவின் கழுத்தில் நாலு கண்ணி அதிகமாம்.